தீவுக்கு ஒரு கணக்கு, மக்களுக்கு ஒரு கணக்கு

2024 ஏப்ரல் முதல் வாரம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. பண்பொழியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் கச்சத்தீவைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மலையடிவார ஊர். திருமலைக்கோயில், தென்னந்தோப்பு, வயல், மேற்கே அடவிநயினார் அணை. கடலைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மணி நேரமாவது பேருந்தில் உட்கார வேண்டும். அந்த ஊரில் இரண்டு பெரியவர்கள் கச்சத்தீவைக் காங்கிரஸ் கொடுத்ததா, தி.மு.க. கொடுத்ததா என்று குரல் உயர்த்திக்கொண்டிருந்தார்கள். மார்ச் 31 அன்று, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட பழைய அரசுக் கோப்புகள் பத்திரிகையில் வந்திருந்தன. பிரதமர் அதைப் பகிர்ந்தார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டினார். அதன்பிறகு தமிழ்நாட்டில் டீக்கடை டீக்கடையாக அந்தக் கோப்புகள் வாசிக்கப்பட்டன.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வெளியுறவுக் கோப்புகளை ஒரு டீக்கடை விவாதிக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அரசுகள் மூடிய அறைக்குள் எழுதிக்கொள்ளும் கடிதங்களை மக்கள் படிக்க வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வும் அப்படிப்பட்ட தாள்களைப் பற்றியதுதான். ஆனால் அன்று டீ ஆறும்வரை எனக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவும் இலங்கையும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இதைவிடப் பெரிய கடிதம் ஒன்று உண்டு. அது 285 ஏக்கர் தீவைப் பற்றியதல்ல, பத்து லட்சம் மனிதர்களைப் பற்றியது. அதைப் பற்றி எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சியும் ஏன் சண்டை போடுவதில்லை?

முதலில் தீவுக் கடிதங்களைப் பார்த்துவிடுவோம்.

கச்சத்தீவு இராமநாதபுரம் ஜமீனின் கணக்கில் இருந்த தீவு. குடிநீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. அந்தத் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் போவார்கள், மீனவர்கள் வலை உலர்த்துவார்கள், ஓய்வெடுப்பார்கள். தீவு யாருடையது என்று 1921இலேயே சென்னை அரசும் இலங்கை அரசும் கொழும்பில் உட்கார்ந்து பேசின. விடுதலைக்குப் பிறகும் பேச்சு தொடர்ந்தது. கடைசியில் 1974 ஜூன் 26 அன்று கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், ஜூன் 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டார்கள். கடல் எல்லை ஆறு புள்ளிகளாக, பாகை, கலைக் கணக்கோடு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்று இருந்தது. 6ஆம் பிரிவில், இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று இருந்தது. நிலம் போனாலும் புழங்கும் உரிமை தாளிலாவது மிஞ்சியது.

அதையும் பறித்தது ஒரு கடிதம். 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை பற்றி இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்குக்கும் இலங்கையின் பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சகச் செயலர் டபிள்யூ. டி. ஜெயசிங்கவுக்கும் இடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக்கூடாது என்று அதில் எழுதப்பட்டது. இரண்டு அதிகாரிகள், இரண்டு கையெழுத்துகள், அவ்வளவுதான்.

தேதியைக் கவனியுங்கள். 1976 ஜனவரி 31 அன்றுதான் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நாடு முழுவதும் நெருக்கடி நிலை. கடிதம் போன மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் சட்டமன்றம் இல்லை, கேள்வி கேட்கச் சுதந்திரமான பத்திரிகை இல்லை, பல எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். இராமேசுவரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஒரு மீனவரிடம்கூட யாரும் கேட்கவில்லை. 1974இல் முதலமைச்சரிடமாவது கேட்டார்கள். கேவல் சிங் சென்னைக்கு வந்து கருணாநிதியைச் சந்தித்துப் பேசியதாகத்தான் 2024இல் வெளிவந்த கோப்பு சொல்கிறது. ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டதும் பதிவில் இருக்கிறது. அவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று ஐம்பது ஆண்டு கழித்து நாம் சண்டை போடுகிறோம். மீனவர் என்ன நினைத்தார் என்பதைச் சண்டைக்குக்கூட எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அது எந்தக் கோப்பிலும் இல்லை.

இப்போது நான் சொன்ன அந்தப் பெரிய கடிதத்துக்கு வருகிறேன்.

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாம் சொல்வது அந்தக் கடிதப் பரிமாற்றத்தைத்தான். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் தோராயமாக 9,75,000 பேர் என்று அது கணக்குப் போட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும். அந்த 15 ஆண்டில் பிறக்கப்போகும் குழந்தைகள்? அவர்களுக்கு அந்தத் தாளில் ‘இயற்கைப் பெருக்கம்’ என்று பெயர். முதலோடு வட்டி போல, பெற்றோர் எந்தப் பக்கமோ குழந்தையும் அந்தப் பக்கம்.

இவர்கள் எப்படி நாடற்றவர்கள் ஆனார்கள் என்பது இளைய வாசகர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள்பிடித்துக்கொண்டு போன கூலிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். பெரும்பான்மையினர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் ஊரிலிருந்து விரட்டியது, கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டத்து லயத்தில் கட்டிப்போட்டது. 1948இல் இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்தியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. வாக்குரிமையும் போனது. இலங்கை ‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்றது. இந்தியா ‘தானாக எங்கள் ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள்’ என்றது. 1954இல் நேரு - கொத்தலாவல ஒப்பந்தம் வந்தும் தீரவில்லை. 1964இல் கூறுபோட்டுத் தீர்த்தார்கள்.

அந்தக் கூறுபோடலில் மலையகத் தமிழர் ஒருவருக்கும் இடமில்லை. தோட்டத் தொழிலாளர்களின் மிகப்பெரிய சங்கத்துக்குத் தலைவராக இருந்த தொண்டமான், மக்களைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் என்று அதை எதிர்த்தார். பயன் இல்லை. மிச்சம் வைத்த 1,50,000 பேரின் கதை பத்தாண்டு கழித்து, 1974 ஜனவரியில் முடிந்தது. சிறிமாவோவும் இந்திராவும் உட்கார்ந்து ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பண்டபாத்திரத்தைப் பிரிக்கும்போதுகூட எந்த அண்டா யாருக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள்.

1974 ஜனவரியில் மக்கள், ஜூனில் தீவு. இரண்டுக்கும் இடையே ஐந்து மாதம்தான். அதே இரண்டு பிரதமர்கள், அதே வெளியுறவு அலுவலகங்கள். ஜூனில் நடந்தது தமிழ்நாட்டின் ஆறாத காயம் ஆனது. ஜனவரியில் நடந்தது போட்டித் தேர்வு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி ஆனது.

இதில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெருபாரி என்ற சிறு நிலப்பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு ஒப்புக்கொண்டபோது, இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதற்காகவே 9ஆவது திருத்தம் வந்தது. கச்சத்தீவு வழக்குகளில் இன்றுவரை முன்வைக்கப்படும் வலுவான வாதமும் அதுதான். நாடாளுமன்றம் திருத்தம் செய்யாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அது இந்திய நிலம் என்று முடிவாகியிருக்கவே இல்லை, ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. 2014இல் அரசின் தலைமை வழக்கறிஞர், தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

ஒரு துண்டு நிலத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. நல்லதுதான். ஐந்தே கால் லட்சம் மனிதர்களைப் பிறந்த வீட்டிலிருந்து பெயர்த்து இன்னொரு நாட்டில் நடுவதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவைப்படவில்லை, கடிதம் போதுமானதாக இருந்தது. இந்த வேறுபாட்டை வெறும் சட்ட நுணுக்கம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. நிலம் நாட்டின் மானம். கூலி ஆள் எண்ணிக்கை. ஊருக்குள் நிலத்துக்கும் சேரிக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் இந்தக் கடிதங்களிலும் இருக்கிறது. பண்ணையார் பத்திரம் எழுதும்போது வரப்புக்கு நான்கு எல்லை எழுதுவார். அந்த வரப்பில் வேலை செய்கிறவனுக்குப் பெயர் எழுத மாட்டார்.

இது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மட்டும் உரிய பழக்கம் அல்ல. 1947 பிரிவினையின்போது சிந்துவிலும் மேற்குப் பஞ்சாபிலும் இருந்த பட்டியல் சாதியினர் பலர் இந்தியாவுக்கு வர விரும்பினார்கள். துப்புரவுப் பணியை அத்தியாவசியப் பணி என்று அறிவித்துப் பாகிஸ்தான் அவர்களைத் தடுத்தது. கராச்சியில் இந்தியாவின் முதல் தூதராக இருந்த ஸ்ரீ பிரகாசா இதைப் பற்றிப் பிரதமர் லியாகத் அலிகானிடம் பேசியபோது, அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருக்களையும் கழிப்பிடங்களையும் யார் சுத்தம் செய்வது என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறார். 1947 டிசம்பரில் நேருவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதியவர் அம்பேத்கர். பாகிஸ்தான் அவர்களை விடாமல் பிடித்துவைத்திருப்பதையும், தப்பி வந்தவர்களுக்கு இந்திய அகதி முகாம்களிலும் உரிய உதவி கிடைக்காததையும் அந்தக் கடிதத்தில் முறையிட்டார். இரண்டு நாடுகள் நிலத்துக்காக ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில், இரண்டு பக்கமும் கைவிட்ட மக்கள் யார் என்று பார்த்து எழுதிய கடிதம் அது. வெளியுறவுக் கடிதங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

1964 கடிதத்தின் மனிதர்களைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பண்பொழியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் குளத்துப்புழை. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களைக் குடியமர்த்த ஒன்றிய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு ரப்பர் தோட்ட நிறுவனத்தைத் தொடங்கின. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதன் தோட்டங்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி நாம் கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

அங்கே ஒரு பாட்டியோடு ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்தேன். லயத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கொழுந்துக் கூடை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர். மண்டபம் முகாமின் கதையே தனி. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்து அனுப்பிய அதே முகாம்தான், பிறகு அவர்கள் பேரப்பிள்ளைகளை அகதி போல வரவேற்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால்தான் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. பாட்டியின் பூர்வீகம் தென்காசிப் பக்கம். எந்த ஊர் என்று அவருடைய பாட்டி சொன்னது நினைவில்லை.

“எங்க அப்பாவுக்கு இந்தியான்னு எழுதிட்டாங்க. எங்க சித்தப்பாவுக்குச் சிலோன்னு எழுதிட்டாங்க. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. டேசன்ல அழுதது இன்னும் காதுல கேக்குது புள்ள” என்றார். காம்பரா என்றால் லயத்தின் அறை. அதற்குப் பிறகு சித்தப்பா குடும்பத்தை அவர் பார்க்கவே இல்லை. 1984இல் கப்பலும் நின்றுபோனது.

பேச்சுவாக்கில் கச்சத்தீவு பற்றிக் கேட்டேன். “அது எங்க இருக்கு? நாங்க வந்த கப்பல் அந்த வழியாவா வந்துச்சு?” என்று திருப்பிக் கேட்டார். இல்லை, அது இன்னும் வடக்கே என்றேன். “அப்ப எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, பேரனின் சாதிச் சான்றிதழ் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பேரன் படித்தவன். பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது, 1950இல் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் குடும்பம் எந்த மாநிலத்தில் வாழ்ந்ததோ அந்த மாநிலத்துக் கணக்கில்தான் சான்றிதழ். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பட்டியல் சாதித் தகுதி கூடவே வராது என்று உச்ச நீதிமன்றமும் 1990இல் சொல்லிவிட்டது. 1950இல் இவன் தாத்தா எங்கே இருந்தார்? இலங்கைத் தோட்டத்தில், குடியுரிமை பறிக்கப்பட்டவராக. அப்போது இந்தியா அவரைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. பிறகு கடிதம் எழுதித் தன் ஆள் என்று எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகு, அப்போது ஏன் இங்கே இல்லை என்று கேட்கிறது. சாதியின் பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. தோட்டத்தில் கங்காணி முதல் கோயில் கமிட்டி வரை யாரும் அந்தக் குடும்பத்தின் சாதியை மறந்ததே இல்லை. அதை மறந்த ஒரே இடம் சான்றிதழ் தரும் மேசை.

எல்லைக் கோடு ஒடுக்கப்பட்டவர் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. 1936இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவு அறிவிப்பு வந்தபோது அது கோட்டுக்கு இந்தப் பக்கம் செல்லும். சில மைல் தள்ளி, சென்னை மாகாணத்தில் இருந்த தென்காசியில் செல்லாது. அங்கே 1939 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோடு நகர்ந்தால் உரிமை நகரும், அல்லது காணாமல் போகும். அதனால் கோடு எங்கே விழுகிறது என்பது எங்களுக்கு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கோடு போடும்போது யாரைக் கேட்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இங்கே தோழர்கள் சிலர் கேட்பார்கள்: கடலில் மீனவன் செத்துக்கொண்டிருக்கும்போது கச்சத்தீவைச் சின்ன விஷயம் என்கிறாயா? இல்லை. கடந்த 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்கள் இலங்கையால் பிடிக்கப்பட்டதாகவும் 1,175 படகுகள் பறிமுதல் செய்யப்பட்டதாகவும் 2024இல் ஜெய்சங்கரே சொன்னார். சுடப்பட்டவர்களும் கடலில் அடிபட்டவர்களும் இந்தக் கணக்குக்கு வெளியே. அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த மீனவர் இழந்தது எது? 5ஆம், 6ஆம் பிரிவுகள் தாளிலாவது வைத்திருந்த புழங்கும் உரிமை. தேர்தல் மேடையில் கேட்கப்படுவது எது? தீவு. தீவை மீட்போம் என்று சொல்வது எளிது, ஏனென்றால் அது நடக்காது என்று சொல்கிறவருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மறுபடியும் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு மறுபடியும் ஒரு பதில் கடிதம் எழுதும்.

உண்மையான பேச்சு வேறு இடத்தில் இருக்கிறது, அது நமக்குச் சங்கடமானது. எதிர்க்கரையில் வலை வீசுகிறவரும் தமிழர்தான். போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் வலையை நம் கரையின் இழுவைப் படகுகள் அறுக்கின்றன, கடலடியைச் சுரண்டுகின்றன. இழுவைப் படகின் முதலாளி கரையில் இருக்கிறார். பிடிபட்டு இலங்கைச் சிறைக்குப் போகிறவர்களில் பலர் பங்குக்கும் கூலிக்கும் போனவர்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். முடிவு எட்டவில்லை. ஆனால் சம்பந்தப்பட்டவர்களே மேசையில் இருந்த பேச்சு அது. இழுவை மடியை எப்போது, எப்படி நிறுத்துவது, அதுவரை யார் சோறு போடுவது என்று பேசினார்கள். ‘மானம்’ என்ற சொல் இல்லாமல் பேச முடியும் என்று காட்டினார்கள். அந்த மேசையைத் திரும்பப் போட எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் நாள் குறிப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது கச்சத்தீவை மறந்துவிடுங்கள் என்று அல்ல. அந்தத் தீவின் கோப்பைத் திறந்த அதே கையால் 1964, 1974 ஜனவரி கோப்புகளையும் திறக்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். 5,25,000 என்ற எண்ணை யார், எந்தக் கணக்கில் போட்டார்கள்? மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு தொங்கலில் விட்டபோது என்ன பேசிக்கொண்டார்கள்? தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் யாரிடம் கேட்டார்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? தகவல் உரிமைச் சட்டம் ஒரு தீவுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. இந்த விண்ணப்பத்தைப் போட ஆய்வு மாணவர் ஆக வேண்டிய தேவையும் இல்லை. இதைப் படிக்கும் யாரும் போடலாம்.

அதோடு, உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், 1950இல் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி இல்லாமல், குடியமர்த்தப்பட்ட மாநிலத்திலேயே பட்டியல் சாதிச் சான்றிதழ் தர வேண்டும். அவர்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தது அரசு. அரசு எழுதிய கடிதமே அவர்களுக்கு ஆதாரமாக இருக்கட்டும். இதற்குப் போர் தொடுக்க வேண்டாம், அண்டை நாட்டோடு பேச வேண்டாம். ஒன்றிய அரசும் கேரளமும் தமிழ்நாடும் உட்கார்ந்தால் போதும். 2003இல் இலங்கை நாடாளுமன்றமே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு ஒரு சட்டத்தில் குடியுரிமை கொடுத்துவிட்டது. நாம் ஒரு சான்றிதழ் கொடுக்க இன்னும் யோசிக்கிறோம்.

தமிழர் இழப்பு என்று நாம் பேசும்போது எந்தத் தமிழரின் இழப்பு என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. ஒரு தீவு போனதற்கு ஐம்பது ஆண்டு அழத் தெரிந்த சமூகம், ஐந்தே கால் லட்சம் பேர் கணக்கில் எழுதப்பட்டதற்கு ஒரு நாள்கூட அழவில்லை என்றால், அது மறதியால் மட்டும் நடக்கவில்லை. அந்த மக்கள் ஊரை விட்டுப் போனபோதே ஊர் அவர்களை எண்ணாமல் விட்டது. திரும்பி வந்தபோது எண்ணாமல் விட்டதில் வியப்பில்லை.

அன்று டீக்கடையில் கடைசியாக ஒருவர் என்னைக் கேட்டார், “நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்களே, கொடுத்தது யாருன்னு சொல்லுங்க.” எதைக் கொடுத்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் குளத்துப்புழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். செங்கோட்டைப் பேருந்து வந்துவிட்டது, பாதியில் எழுந்து போய்விட்டார். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன்.